பச்சைக்குக் காற்று, மஞ்சளுக்கு வெளிச்சம்

சீதாலெட்சுமி ஆன்டி ஹார்ன் அடிக்கமாட்டார். காலை ஐந்தே முக்காலுக்கு அவருடைய பள்ளி வேன் எங்கள் குடியிருப்பான தாமானுக்குள் வரும். கிள்ளானில் அது நல்ல இருட்டு. ஏழு மணிக்கு மேல்தான் விடியும். பக்கத்து வீட்டில் இரவு வேலை முடித்துவிட்டு வந்து படுக்கும் மலாய்க்காரர் இருக்கிறார். எதிர்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அவர்களை எழுப்பக்கூடாது என்பதால் வேனின் பக்கக் கதவை ஒருமுறை இழுத்துத் தள்ளுவார். தகரம் உருளும் அந்தச் சத்தம் வேன் பிள்ளைகளுக்கு மட்டும் தூக்கத்திலும் கேட்கும்.

முதலாம் வகுப்பிலிருந்து இடைநிலைப் பள்ளியின் ஐந்தாம் படிவம்வரை பதினோரு ஆண்டுகள் நான் அந்த வேனில் போனேன். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். கணிதத் தாள் அன்று எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. விடிய விடியப் படித்துவிட்டு மேசையிலேயே தூங்கிப்போயிருந்தேன். அம்மாவும் அப்பாவும் அதிகாலை ஷிஃப்டுக்குப் போய்விட்டார்கள். ஆன்டி வேனை நிறுத்திவிட்டு வந்து சமையலறைச் சன்னலைத் தட்டினார். என்னைத் திட்டவில்லை. சீருடையை மாட்டிக்கொண்டு ஓடிவந்து ஏறினேன். காப்பார் சாலையில் இரண்டு சிவப்பு விளக்குகளில் வேன் நின்றபோது, திரும்பி உட்கார்ந்து எனக்குச் சடை பின்னிவிட்டார். முதல் விளக்கில் ஒன்று, இரண்டாவது விளக்கில் இன்னொன்று. அவரைப் பற்றி நான் எழுத நினைத்ததற்கு அந்த இரண்டு சடைகளும் ஒரு காரணம்.

அவர் ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். இருபத்து மூன்று வயதில் சுங்கைவேயில் ஒரு மின்னணு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் நுண்ணோக்கிக்குள் குனிந்தே இருந்ததில் கண்ணாடி போடவேண்டியதாயிற்று. பிறகு துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் இராமலிங்கம் அங்கிளைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வந்தார். "வீட்டுல ஒரு ஆள் உசரத்துல ஓட்டுனா, இன்னொரு ஆள் தரையில ஓட்டணும்லா" என்று சொல்லிக்கொண்டு ஓட்டுநர் உரிமம் எடுத்தார். நான் முதலாம் வகுப்பில் சேர்வதற்கு முந்தின வருடம் பழைய ஜப்பானிய வேன் ஒன்றை வாங்கினார். அந்த வருடத்திலிருந்து போன ஆண்டுவரை ஒரு பிள்ளையையும் விட்டுவிட்டுப் போனதில்லை. ஒரு கீறலும் வாங்கியதில்லை.

போன ஆண்டு நடுவில் மழைத்தண்ணீர் இறங்கி, டாஷ்போர்டின் நடுவிலிருந்த பொத்தான் பலகை கெட்டுப்போனது. பட்டறைக்காரர் தம்புசாமி, ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்குமதி செய்யும் வண்டிகளை விற்கும் கடையில் தேடி, அதே மாதிரி ஒரு பலகையைக் கொண்டுவந்து பொருத்தினார். அதே மாதிரிதான், ஆனால் ஒரு வித்தியாசம். பழையதில் இடப்பக்கப் பொத்தான் முன்கண்ணாடிக்குக் காற்று ஊதும் விசிறிக்கு, அடுத்தது முன்விளக்குக்கு. புதியதில் இரண்டும் இடம் மாறியிருந்தன. பொத்தான்களுக்கு மேலே சின்னப் படங்கள் உண்டு. பின்னாலிருந்து பல்பு எரிய, இருட்டில் அந்தப் படங்கள் தெரியும். ஆன்டி குனிந்து படத்தைப் பார்த்துப் பார்த்து அழுத்திப் பழகினார்.

ஆண்டிறுதி விடுமுறை வந்தது. ஏழு வாரம் வேன் ஓடவில்லை. அந்த ஏழு வாரத்தில் கை புதிய வரிசையை மறந்துவிட்டது. பதினோரு வருடப் பழைய வரிசையை மறக்கவில்லை.

பள்ளி திறந்த முதல் வாரம், காப்பார் சாலையில் பெரிய மழை. பதினான்கு பிள்ளைகளின் மூச்சில் முன்கண்ணாடி உள்பக்கம் வெண்மையாக மூடிக்கொண்டது. ஆன்டி விசிறிக்காகக் கையை நீட்டினார். பலகையில் படம் எதுவும் தெரியவில்லை. கை தனக்குத் தெரிந்த இடத்தை அழுத்தியது. முன்விளக்குகள் அணைந்தன. அவற்றோடு பொத்தான்களின் விளக்கும் அணையும்படிதான் அந்த வண்டியின் இணைப்பு. இருட்டில் பொத்தானைத் தடவித் தேடும்போது எதிரே வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று விலகி ஓரத்துப் புல்லில் இறங்கி நின்றது. யாருக்கும் அடி இல்லை.

பிள்ளைகள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். மறுநாளே இரண்டு வீட்டார் தங்கள் மூன்று பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் அன்று மாலை தியாகராஜன் சார் வீட்டு வாசலில் கூடினார்கள். அவர் பெற்றோர் சங்கச் செயலாளர். அவருக்கு மூன்று பிள்ளைகள். அவர் தன் பிள்ளைகளை எடுத்தால் மிச்சம் எட்டுப் பேரையும் எடுத்துவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆன்டி தானாகவே போய் நின்றார். கூட என் அம்மாவும் நானும் போனோம்.

"அக்கா, நான் உங்களக் குத்தம் சொல்லல. ஆனா லைட்டு இல்லாம ரோட்டுல போயிருக்கு வேன்" என்றார் தியாகராஜன் சார்.

"அஞ்சு செகண்டு சார். நான் மனசுக்குள்ள எண்ணினேன்."

"அஞ்சு செகண்டு போதும்லக்கா."

"போதும்தான். அதனாலதான் நானே வந்து நிக்கிறேன்."

"உள்லைட்டப் போட்டு ஓட்டுனா என்னா?"

"போட்டா பிள்ளைங்க தூக்கம் போயிரும் சார். அந்த முக்கா மணி நேரம்தான் அதுங்களுக்கு மிச்சத் தூக்கம். அதோட, உள்லைட்டு எரிஞ்சா முன்கண்ணாடியில என் மூஞ்சிதான் தெரியும், ரோடு தெரியாது."

"ஒங்க மூஞ்சியப் பாத்தா லோரிக்காரன் தானா வழி விட்ருவான்" என்றார் சாரின் மனைவி அலமேலு அக்கா. இரண்டு பேர் சிரித்தார்கள். ஆன்டியும் சிரித்தார். சார் சிரிக்கவில்லை.

"வர்ற வெள்ளிக்கிழம நான் முன்சீட்டுல வரேன். எனக்குத் திருப்தின்னா என் பிள்ளைங்க உங்க வேன்லதான். இல்லன்னா மன்னிச்சிருங்க அக்கா. அதுவரைக்கும் நானே கார்ல கொண்டுபோறேன்."

திரும்பி நடந்தோம். தன் வீட்டுக் கதவைத் திறக்கும்போது ஆன்டி என்னைப் பார்த்து, "வேன விட்டா எனக்கு வேற என்னா தெரியும் இந்திரா?" என்றார். 

மறுநாள் இருவரும் தம்புசாமியின் பட்டறைக்குப் போனோம். பொத்தான்களைப் பழைய வரிசைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டோம்.

"பலக முழுசா ஒரே வார்ப்பு. பொத்தானக் கழட்ட முடியாது" என்றார்.

"வயரையாவது மாத்திக் குடுங்கண்ணே" என்றேன்.

"லைட்டு இழுக்கிற கரண்ட விசிறிப் பொத்தான் தாங்காது. உருகிடும். அப்புறம் நெருப்புப் பிடிச்சா ஒங்கப்பா என்னத் தேடி வருவாரு." படங்களுக்குப் பின்னாலுள்ள பல்பு எரிந்துபோயிருக்கும் என்றே நினைத்தோம்; அதையாவது மாற்றலாமே என்றதற்கும் முடியாது என்று தலையாட்டினார். அந்த அரிசி அளவுப் பல்பு இங்கே கிடைக்காது.

அப்போதுதான் எனக்கு எல்.இ.டி. ஞாபகம் வந்தது. மூன்றாம் படிவத்தில் வாழ்வியல் திறன் பாடத்தில் எல்லாரும் ஓர் எல்.இ.டி. விளக்குச் சுற்று செய்தோம். அதற்காக வாங்கிய, ஈயம் உருக்கிக் கம்பி ஒட்டும் சூட்டுக்கோல் இன்னும் என்னிடம் இருந்தது. தேர்வு முடிவு வரும்வரை வேலையில்லாமல் வீட்டுக்கும் கடைக்குமாக நடந்துகொண்டிருந்த எனக்கு, செய்வதற்கு ஒன்று கிடைத்தது. அன்று பிற்பகலே கொமுட்டர் ரயிலில் கோலாலம்பூர் போனேன். மின்னணுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் ஜாலான் பாசாரில் எல்.இ.டி.களும், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர்களும் வாங்கிவந்தேன். சிவப்பு, பச்சை, மஞ்சள் மூன்றிலும் வாங்கினேன்.

அவற்றை ஆன்டி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கொட்டினேன். எந்தக் கால் எது என்று நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவர் ஒன்றை எடுத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்குக்கு அருகே பிடித்துப் பார்த்தார்.

"நீளக் கால் பிளஸ்" என்றார்.

"எப்படி ஆன்டி தெரியும்?"

"சுங்கைவேயில நாலு வருஷம் இதத்தானே செஞ்சேன். உள்ள பாரு, முடி மாதிரி ஒரு கம்பி. அத ஒட்டுறது என் வேல. ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கும் மேல. இதெல்லாம் எங்க போவுதுன்னு சூப்பர்வைசரக் கேட்டா, கால்குலேட்டருக்குன்னு சொல்லுவா. கார்ல வைக்கலாம்னு யாரும் சொல்லல." சிறிது நேரம் அதைக் கீழே வைக்காமல் உருட்டிக்கொண்டிருந்தார். "எரிஞ்சு பாத்ததே இல்ல இந்திரா. டெஸ்ட் பண்றது வேற ரூமு."

பேட்டரியில் இணைத்து எரிய வைத்தேன். பச்சை எரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நிறத்தை அவர்தான் முடிவு செய்தார். "பழைய பல்பு மாதிரி ரெண்டும் ஒரே நிறமா இருந்தா மறுபடியும் கொழம்புவேன். காத்துக்குப் பச்ச வை. லைட்டுக்கு மஞ்சள். சிவப்பு வேணாம், சிவப்பு எரிஞ்சா ஏதோ கெட்டுப்போச்சுன்னு மனசு பதறும்."

நான் அதோடு ஒன்று சேர்த்தேன். இரண்டு எல்.இ.டி.யையும் முன்விளக்கு இணைப்பில் வைக்காமல், சாவி திருகினாலே எரியும் இணைப்பில் கொடுத்தேன். முன்விளக்கு தவறி அணைந்தாலும் இனிப் பொத்தான் தெரியும்.

புதன்கிழமை மத்தியானம் பலகையைக் கழற்றி வேலையை முடித்தோம். பகலில் இருட்டு வேண்டும் என்பதற்காக வேனின் கண்ணாடிகளையெல்லாம் போர்வைகளால் மூடினோம். உள்ளே அடுப்புச் சூடு. சாவியைத் திருகினார். பலகையில் மங்கலாக இரண்டு கறைகள் தெரிந்தன. எது பச்சை, எது மஞ்சள் என்றே தெரியவில்லை.

ரெசிஸ்டர் அதிகமாகத் தடுக்கிறது என்று நினைத்தேன். சிறியதாக மாற்றினேன். கறை கொஞ்சம் பெரிதானது, அவ்வளவுதான். எல்.இ.டி.யை மாற்றினேன். இன்னும் சிறிய ரெசிஸ்டர் வைத்தேன். அன்று சாயங்காலம்வரை கழற்றுவதும் மாட்டுவதுமாகவே போனது. வியாழக்கிழமை பள்ளி ஓட்டம் முடிந்து ஆன்டி வந்ததும் மறுபடி போர்வைக்குள் நுழைந்தோம். மறுநாள் வெள்ளிக்கிழமை. 

"தெரியாமத் தலையிட்டுட்டேன் ஆன்டி. சார்கிட்ட என்ன சொல்றது?"

அவர் கழற்றிய பலகையைக் கையில் வாங்கி, எரியும் எல்.இ.டி.யோடு அப்படியும் இப்படியும் திருப்பினார். "பின்னாடி பகல் மாதிரி இருக்கு. முன்னாடி இருட்டா இருக்கு. நடுவுல என்னாதான் இருக்கு?" என்று படத்தின் மேல் நகத்தால் சுரண்டினார். காவி நிறத்தில் பொடி உதிர்ந்தது. சுரண்டிய கோட்டின் வழியே பச்சை வெளிச்சம் பளீரென்று வந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"என் சந்தனம்" என்றார் ஆன்டி.

புதுப் பலகை வந்து சில மாதங்களில் ஆயுத பூஜை. புதுச் சாமானாயிற்றே என்று அதற்குத்தான் முதலில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முன்சீட்டில் உட்காரும் பிள்ளை டாஷ்போர்டுக்குப் பொட்டு வைப்பது எங்கள் வேன் வழக்கம். படங்கள் இருந்த சின்னச் சதுரங்கள் கொஞ்சம் பள்ளமாக இருந்தன. அங்கே வைத்தால் சந்தனம் வழியாமல் நிற்கும். அதனால் எல்லாரும் அங்கேயே வைத்தோம். விடுமுறையிலும் ஆன்டி வெள்ளி தவறாமல் வைத்திருக்கிறார். முன்சீட்டு பெரும்பாலும் எனக்குத்தான் கிடைக்கும் என்பதால், காய்ந்து இறுகியிருந்த அந்த அடுக்குகளில் பல என் விரலால் வைத்தவை. தம்புசாமி அதைப் பார்த்திருக்கிறார். நான் இரண்டு நாளாகக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பொட்டை யாரும் மறைப்பாகப் பார்ப்பதில்லை. அது அங்கே இருக்கவேண்டிய ஒன்று, அவ்வளவுதான்.

"தொடச்சிரலாமா ஆன்டி?" என்று கேட்டேன். கேட்கவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பொட்டை அழிப்பது என்பதை எங்கள் வீடுகளில் சொல்லாகக்கூடச் சொல்லமாட்டார்கள். அவருடைய கணவர் அந்த நேரத்தில் துறைமுகத்தில் எத்தனையோ அடி உயரத்தில் கிரேனில் உட்கார்ந்திருந்தார்.

ஆன்டி பலகையை இருக்கையில் வைத்தார். பிறகு உள்ளே போய்க் கைகால் கழுவி, ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் வெள்ளைத் துணியும் கொண்டுவந்தார்.

"நான் வச்சது, நானே எடுக்கிறேன். நீ தொடாத" என்றார்.

அவசரப்படாமல், குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் துடைத்தார். பல் குச்சியால் சதுரங்களின் மூலையைச் சுத்தம் செய்தார். காவித் தண்ணீரை வாசலில் இருந்த செம்பருத்திச் செடிக்கு ஊற்றினார். புதிதாகச் சந்தனம் குழைத்துவந்து, டாஷ்போர்டில் எங்கே வைக்கலாம் என்று தேடினார்.

"சாம்பல் டப்பா மூடியில வைங்க ஆன்டி. உங்க வேன்ல யாரு சிகரெட்டு குடிக்கிறா?"

"அதுவும் சரிதான். பன்னெண்டு வருஷமா சும்மா கெடக்கு, அதுக்கும் ஒரு வேல ஆச்சு" என்று அங்கே பெரிதாக ஒன்று வைத்தார்.

பலகையை மாட்டிச் சாவியைத் திருகியதும் இருவரும் கண்ணை மூடிக்கொண்டோம். வெளிச்சம் வராதோ என்ற பயத்தில் நான் ரெசிஸ்டரைச் சிறியதாக்கிக்கொண்டே போயிருந்தேன் அல்லவா, இப்போது இரண்டு பொத்தானும் சின்ன டார்ச்சுகள் மாதிரி எரிந்தன. முன்கண்ணாடியில் பச்சையும் மஞ்சளுமாக இரண்டு நிலா.

"இத வச்சிக்கிட்டு ஓட்டுனா சிக்னல்னு நெனச்சு நானே பிரேக் போடுவேன். கொற, கொற" என்றார் ஆன்டி. பெரிய ரெசிஸ்டர்களாக மாற்றி ஒட்டினேன். குனிந்தால் படம் தெரியும். நிமிர்ந்தால் சாலை மட்டும் தெரியும். அந்த அளவு வந்ததும் அவர் போதும் என்றார். மேலும் ஒரு மணி நேரம், போர்வைக்குள் உட்கார்ந்து, விசிறி, விளக்கு, விசிறி, விளக்கு என்று மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தார். பச்சைக்குக் காற்று, மஞ்சளுக்கு வெளிச்சம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விளக்குகள் தாக்குப்பிடிக்கின்றனவா என்று பார்க்க நானும் பின்சீட்டில் ஏறினேன். தியாகராஜன் சார் அலுவலக உடையில் முன்சீட்டில் உட்கார்ந்தார். மடியில் பை. அவருடைய மூன்று பிள்ளைகளும் பின்னால் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு உடனே தூங்கிவிட்டார்கள். ஆன்டி வழக்கம்போல வீட்டுக்கு வீடு கதவை ஒருமுறை உருட்டினார். பிள்ளைகள் இருட்டில் வந்து ஏறினார்கள். 

"இந்த மஞ்சள்தான் ஹெட்லைட்டா?" என்று சார் மெதுவாகக் கேட்டார்.

"ஆமா சார். பச்ச கண்ணாடிக்கு."

"தப்பி மஞ்சள அழுத்துனா?"

"லைட்டு அணையும். ஆனா மஞ்சள் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். திரும்ப அழுத்திரலாம். தப்பே வராதுன்னு நான் சொல்லமாட்டேன் சார்."

அவர் தலையசைத்தார். காப்பார் சாலையில் மழை இல்லை. ஆனாலும் பதினோரு பிள்ளைகளின் மூச்சுக்குக் கண்ணாடி ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கியது.  ஆன்டி ஒரு கணம் கண்ணைத் தாழ்த்தினார், பச்சையை அழுத்தினார், நிமிர்ந்தார். விசிறி முனகியது. கண்ணாடி கீழிருந்து மேலாகத் தெளிந்தது. எதிரே லோரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

சார் இதைப் பார்த்தாரா என்று எட்டிப் பார்த்தேன். பையைக் கட்டிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பள்ளி வாசலில் கதவு உருண்ட சத்தத்துக்குத்தான் விழித்தார். "வந்தாச்சா?" என்றார்.

"வந்து ரெண்டு நிமிஷம் ஆச்சுப்பா" என்றான் அவருடைய கடைசி மகன். "குறட்ட வேற விட்டீங்க. நாங்க எந்திரிக்கலன்னா மட்டும் திட்டுவீங்க."

பிள்ளைகள் இறங்கிப் போனார்கள். வானம் வெளுத்திருந்தது. சாருக்கு வெட்கமாக இருந்திருக்கவேண்டும். சட்டையைச் சரிசெய்துகொண்டே இருந்தார். அவருக்கு பிரிக்பீல்ட்ஸில் வேலை. ஆன்டி அவரைக் கிள்ளான் கொமுட்டர் நிலையத்தில் இறக்கிவிட்டார்.

இறங்கியவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பாக்கணும்னுதான் வந்தேன் அக்கா. எந்த இடத்துல கண்ணு அசந்துச்சுன்னே தெரியல."

"காப்பார் ரோடு சிக்னலுக்கு முன்னாடி சார்."

"நான் யார் கார்லயும் தூங்கமாட்டேன். எம் பொண்டாட்டியக் கேட்டுப் பாருங்க, அவ ஓட்டுனா என் கால் தானா பிரேக்க மிதிச்சிக்கிட்டு வரும்." பையைத் தோளில் மாட்டினார். "திங்கக்கிழம பிள்ளைங்க வாசல்ல நிப்பாங்க. மத்தவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஆன்டி கைகூப்பினார். சார் படியேறிப் போகும்வரை வேனை எடுக்கவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார். நான் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன பிள்ளைகளில் ஒரு வீட்டார் அடுத்த மாதம் திரும்பிவந்தார்கள். இன்னொரு வீட்டார் வரவில்லை. அந்தப் பையன் வளைவுகளில் வாந்தி எடுப்பான் என்பதால், அவனை இப்போது ஏற்றிப்போகும் வேன்காரரைத் தேடிப்போய், "எலுமிச்சம் பழம் ஒண்ணு கையில குடுத்து, சன்னல் பக்கமா உக்கார வைங்க" என்று ஆன்டி சொல்லிவிட்டு வந்தார்.

என் தேர்வு முடிவு இன்னும் வரவில்லை. வந்தபின் எங்கே போவேன் என்று தெரியாது. இந்தப் பதினோரு வருடமும் அவருக்கு நான் ஒருமுறைகூட நன்றி சொன்னதில்லை. வேன் ஆன்டிக்கு யார் சொல்கிறார்கள்? இருட்டில் ஏறி, தூங்கி, வெளிச்சத்தில் இறங்கினோம். இடையில் ஒருவர் தூங்காமல் இருந்தார். அதைச் சொல்லத்தான் இதை எழுதினேன். சார் சொன்ன அந்தத் திங்கட்கிழமை காலை நான் படுக்கையிலேயே விழித்துக் கிடந்தேன். ஐந்தே முக்காலுக்குக் கதவு உருண்டது. தியாகராஜன் சார் வீட்டு வாசலிலிருந்து மூன்று ஜோடிக் காலணிகள் ஓடின. பிறகு வேன் மெதுவாக வளைவில் திரும்பிப் போனது.